"அடிகள்" என்னும் சொல்

ஒருவரை உயர்த்துச் சொல்லுதற்குத் தமிழில் அமைந்த சொற்கள் பலவாகும். தலைவர், பெரியார், சான்றோர், உடையார், பெருமான், நாயனார் என்பன அவற்றுட் சில. இவை தலைமை, பெருமை, நிறைவு, உடைமை முதலிய பொருள்களின் வழிப் பிறந்தமையின், மதிப்புப் பொருள் தருதற்கு உரியவாதல் எளிதின் விளங்கும். 'அடிகள்' என்னுஞ் சொல்லோ அத்தகையதன்று. உறுப்புக்களுள் எல்லாவற்றினுங் கீழ்ப்பட்டு, நிலந்தோய்ந்து, புழுதி படிவது கால். அதன் பெயரே துறவோரையும் ஞானாசிரியரையும் முழுமுதற் கடவுளையும் சுட்டும் பெயராய், ஏனை மதிப்புச் சொற்களினும் ஆழமுடையதாய் வழங்குகின்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது? இச்சொல்லின் பிறப்பும் பொருளும் யாவை? இவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயது ஒரு வினா. தாம்பரத்திற்குக் கிழக்கே, பழைய மாமல்லபுரச் சாலையில், நாவலூர் என்னும் ஊர் உளது. இன்று கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்து விளங்கும் அவ்வூரில், அன்பர் சிலரோடு திருத்தொண்டர் வரலாறு குறித்து அளவளாவும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிடைத்தது. ஊர்ப்பெயர் நாவலூர் ஆதலின், பேச்சு இயல்பாகவே நாவலூரர் எனப்படும் நம்பியாரூரரிடஞ் சென்றது. அவர் அவதரித்த திருநாவலூர் திருமுனைப்பாடி நாட்டது, இந்நாட் கள்ளக்குறிச்சி மாவட்டத்தினுள் அமைந்தது, இந்நாவலூரின் வேறு. ஆயினும் பெயரொற்றுமை ஒன்றே அவரை நினைந்து மகிழ்தற்குப் போதியதாயிற்று.

அப்பொழுது அங்கிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாவலூரர் அடியார் ஒவ்வொருவர்க்கும் தம்மை 'அடியேன்' என்று பாடினார் என்கிறீர்கள். எம் பாட்டனார் தம் ஊரில் நிலமுடையார் வாயிலில் நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்மை அவ்வாறே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிடின் அன்று கூலி இல்லை. அச்சொல் எவ்வாறு உயர்ந்த சொல்லாகும்?" என வினாவினார். அவையில் ஒருவரும் வாய்திறந்திலர். யாமும் அப்பொழுது நிறைவானதொரு விடை கூறினேமல்லேம். அன்று கூறாது விட்ட விடையே இக்கட்டுரை.

1. சொற்பொருள்

'அடி' என்பது தமிழுக்கும் அதன் இனமொழிகளுக்கும் பொதுவாகிய பழஞ்சொல். கன்னடத்தும் மலையாளத்தும் 'அடி' என்றே வழங்கும். தெலுங்கில் 'அடுகு' என வரும். தமிழில் இச்சொல் கால் என்னும் பொருளோடு நின்றுவிடவில்லை. மரத்தின் அடி, மலையின் அடி, கலத்தின் அடி என்புழி அது தாங்கும் இடத்தைக் குறிக்கும். 'அடிநாள்', 'அடியிலிருந்து' என்புழித் தொடக்கத்தைக் குறிக்கும். யாப்பிலக்கணத்தில் சீர்கள் தொடர்ந்தமைவது அடியாம். அடிகள் சேர்ந்தே பாட்டாகும். புலவர்க்கு முதற்சொல் உதவுதலை 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்பர்.

இப்பொருள்கள் எல்லாவற்றினும் ஊடுருவி நிற்கும் கருத்தொன்று உண்டு. எது மேலுள்ளவற்றைத் தாங்குகின்றதோ, எதனின்று பிற தொடங்குகின்றனவோ, அஃது அடியாம். மரத்திற்கு அடி கீழே இருப்பது உண்மையே. ஆயின் அது கீழே இருத்தலினால் இழிந்தது என்று உழவன் ஒருவனும் கருதான். தலை வெட்டுண்ட மரம் தளிர்க்கும். அடி வெட்டுண்ட மரம் தளிர்ப்பதரிது. ஆகவே அடி என்னுஞ் சொல்லில் இழிவு என்னும் பொருள் இயல்பாக இல்லை என்பதை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

இனி, 'தலைவர்' என்பதனையும் 'அடிகள்' என்பதனையும் அருகருகே வைத்து நோக்குக. இரண்டும் உறுப்பின் பெயரடியாகப் பிறந்தனவே. தலைவர் என்பது, அவர் எங்கு நிற்கின்றார் என்பதைச் சொல்லுகின்றது. அவர் மேலே நிற்கின்றார். அடிகள் என்பதோ, சொல்லுபவன் எங்கு நிற்கின்றான் என்பதைக் காட்டுகின்றது. தலை தாழ்த்து வணங்கி நிற்பவன் கண்ணுக்குப் புலனாவது எதிரே நிற்பாருடைய முகமன்று, அவர்தம் அடிகளே. அக்காட்சியே பெயராயிற்று. எனவே 'அடிகள்' என்பது வணங்கப்படுவாரது உயரத்தை அளந்து சொன்ன சொல் அன்று. வணங்குவானது பார்வையைப் பதிந்து வைத்த சொல். இவ்வேறுபாடே மேற்கூறுவன எல்லாவற்றிற்கும் அடிப்படையாம்.

2. இலக்கணம்

உறுப்பின் பெயர் அவ்வுறுப்பையுடைய முழுப்பொருளுக்கு ஆகிவருதல் சினையாகுபெயர் எனப்படும். 'தலைக்கு இவ்வளவு' என்று பகிர்ந்தளிக்குங்கால் தலை என்பது ஆளைக் குறித்தல் போல, 'அடிகள்' என்பதும் அவ்வடிகளை உடையாரைக் குறிக்கின்றது. தலையால் எண்ணுவோம், அடியால் வணங்குவோம்.

'கள்' என்பது பன்மை விகுதி. இரண்டாகிய பாதங்களைக் குறித்த அஃறிணைப் பன்மை, ஒருவரையே குறிக்கும் உயர்திணைச் சிறப்புப் பெயராகி, 'அடிகள் வந்தார்' எனப் பலர்பால் வினைகொண்டு முடிகின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உலக வழக்கில் உயர்த்துக் கூறுவதாய் வந்ததேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திற் கூறியுள்ளார். அவர் காலத்திற்கு முன்னரே மதிப்பின் பொருட்டு மக்கள் இலக்கண எல்லையைக் கடந்து பேசினர் என்பது இதனாற் பெறப்படும். அன்பும் மதிப்பும் மிகுந்தவிடத்து மொழி தன் வரம்பைச் சற்றே நெகிழ்த்துக் கொடுக்கின்றது.

இச்சொல் விளியேற்குங்கால் ஈற்றயல் அகரம் ஏகாரமாய்த் திரிந்து 'அடிகேள்' என்றாகும். இதன்கண் உள்ள 'கேள்' என்பதைச் செவிசாய்த்தல் என்றும் உறவு என்றும் பொருள்பிரித்து மகிழ்வாரும் உளர். சுவையுடைத்தாயினும் அஃது இலக்கணத்தோடு பொருந்தாது. பிற்காலத்தே 'ஆர்' என்னுஞ் சிறப்பு விகுதியும் கூடி 'அடிகளார்' என வழங்குவதாயிற்று.

3. வழக்கு

இச்சொல் எச்சமயத்தார்க்கும் தனியுரிமையாய் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தை இயற்றியவராகச் சொல்லப்படுபவர் இளங்கோவடிகள். அதன்கண் கோவலன் கண்ணகியரை மதுரைக்கு வழிநடத்திச் சென்ற சமணத் துறவியாகிய பெண்மணி கவுந்தியடிகள். மணிமேகலையில் அறவுரை பகரும் பௌத்த முனிவர் அறவணவடிகள். கழுகுமலைச் சமணக் கல்வெட்டுக்களில் 'குரவடிகள்' என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப வழங்கியது இதன் தனிச்சிறப்பாகும். தலைவன், தலைவி எனப் பால் பிரிக்கும் விகுதி இதற்கு வேண்டப்படவில்லை.

சைவத்துள் மணிவாசகப் பெருமான் வாதவூரடிகள் எனப்பட்டார். துறவு நெறியிற் சிறந்த பட்டினத்தார் பட்டினத்தடிகள் எனப்பட்டார். ஒன்பதாந் திருமுறை ஆசிரியருள் ஒருவர் வேணாட்டடிகள்.

இறைவனுக்கும் இதுவே பெயராயிற்று. யாம் முற்கூறிய நாவலூருக்குத் தெற்கேயுள்ள திருக்கழுக்குன்றத்தில் இராசகேசரிவர்மனுடைய 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உளது. அவ்வரசனை முதலாம் ஆதித்த சோழன் என ஆராய்ச்சியாளர் கொள்வர். முன்னர்க் கந்தசிடன் என்பான் இறையிலியாகக் கொடுத்ததும், பின்னர் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் காத்ததுமாகிய நிலத்தை மீண்டும் உறுதிசெய்யும் அச்சாசனம், அத்தலத்து மூலட்டான இறைவனைப் 'பெருமானடிகள்' என்று குறிக்கின்றது. பெருமான் என்னும் உயர்வுப் பெயரோடு அடிகள் என்பதும் கூடினாலன்றி அக்காலத்தார் உள்ளம் நிறைவுறவில்லை போலும்.

அரசரும் இப்பெயரை விரும்பினர். கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவப் பள்ளிக்குக் கி.பி. 849-ஆம் ஆண்டில் உரிமைகள் வழங்கிய செப்பேட்டில், வேணாட்டை ஆண்டவன் 'அய்யனடிகள் திருவடிகள்' எனப்படுகின்றான். ஒரே பெயரில் அடி என்பது இருமுறை வந்துள்ளமை நோக்கத்தக்கது. வேணாட்டரசர்க்குத் 'திருவடி' என்பது பின்னும் நெடுங்காலம் பட்டப்பெயராய் நிலவியது. கன்னட நாட்டுக் கங்க மன்னர் 'பெர்மானடி' என்னும் பட்டம் பூண்டனர். துறவோர்க்கு மக்கள் உவந்து தந்த பெயர் அரண்மனைக்குள்ளும் புகுந்தமையை இவற்றால் அறிகின்றோம். இவ்வாறு புகுந்ததனால் இச்சொல்லுக்கு நேர்ந்தது யாதென்பதைப் பின்னர்க் காண்போம்.

4. வடமொழி வழக்கோடு ஒப்புநோக்கல்

வடமொழியில் பெரியோர் பெயரோடு 'பாதர்' எனச் சேர்த்துக் கூறும் வழக்கு உண்டு. கௌடபாதர், பகவத்பாதர், பூச்சியபாதர் என்பன காண்க. ஆகவே அடிகள் என்பது பாதர் என்பதன் மொழிபெயர்ப்பே என்பர் ஒருசாரார். தமிழ்ச் சொல்லைப் பார்த்தே வடமொழியார் அமைத்தனர் என்பர் மற்றொரு சாரார். காலில் விழுந்து வணங்குதல் இரு மொழியார்க்கும் பொதுவாகிய செயல். செயல் பொதுவாயவிடத்துச் சொல்லும் ஒத்துத் தோன்றுதல் இயல்பு. ஆதலின் இவ்வழக்கினை நீட்டித்துப் பயனில்லை.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வடமொழியில் வணங்கப்படுவார் பாதர் எனப்பட்டாலும், தொண்டு செய்வானுக்குத் தாசன், பிருத்தியன் என வேறு சொற்களே உள. பல்லவர் செப்பேடுகளில் தந்தையின் பாதங்களைத் தியானிப்பவன் என்னும் பொருளில் 'பாதானுத்தியாதன்' என்று ஒரு தொடர் வருவதுண்டு, அதுவும் தொடரே. தமிழிலோ, ஓரடியினின்றே இரு கிளையும் பிரிகின்றன: வணங்கப்படுவார் அடிகள், வணங்குவார் அடியார், வணங்குவான் தன்னைச் சொல்லுங்கால் அடியேன். ஆண்டானும் தொண்டனும் ஒரே சொல்லின் இரு நிலைகளாய் நிற்கின்றனர். இருவர்க்கும் இடையிலுள்ள உறவையே பெயராக வைத்தனர் தமிழர்.

இதனை மற்றொரு சான்றாலும் தெளியலாம். தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்த மறைமலையடிகளை அறியாதார் இலர். 1905-ஆம் ஆண்டு சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றிய காலத்து அதன் தொடக்கப் பணிகளில் முன்னின்றவர் அவர். 1911-இல் துறவு பூண்டு சுவாமி வேதாசலம் என விளங்கிய அவர், 1916-இல் தம் பெயரைத் தமிழாக்கினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. முன்னிரண்டும் சொல்லுக்குச் சொல் நேராக அமைந்தவை. மூன்றாவது அவ்வாறன்று. சுவாமி என்பதற்கு உடையவன் என்பது பொருள். அதற்கு நேராவது உடையார் என்பதே. எனினும் துறவியைக் குறிக்கத் தமிழ் மரபு உடைமைச் சொல்லை நாடாது அடி என்னுஞ் சொல்லையே தந்தது. உடைமையைத் துறந்தாரை உடையார் என்றழைத்தல் பொருந்தாதென்பது தமிழ் வழக்கின் உட்கிடை போலும்.

5. பெரியபுராணத்துள் அடிகள் எனப் பெயர் பெற்றோர்

அறுபத்துமூவருள் அடிகள் என்னுஞ் சொல்லோடு வழங்கப்படுவார் சிலர் உளர். பல்லாவரத்தை அடுத்த குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் உரைத்த அவர்தம் வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கின், இச்சொல்லின் உள்ளுறை வெளிப்படும்.

ஐயடிகள் காடவர்கோன் அரசர். அரசாட்சி இன்னலென்று உணர்ந்து, அதனைத் தம் மகனிடம் ஒப்புவித்து, தலந்தோறுஞ் சென்று வழிபட்டு வெண்பாப் பாடியவர். முடியைத் துறந்த பின்னரே அவர் பெருமை விளங்கிற்று.

திங்களூர் அப்பூதியடிகள் அந்தணர். திருநாவுக்கரசரைக் காணுமுன்னரே அவர்பால் அன்புபூண்டு, தம் மக்களுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப்பந்தர் முதலியவற்றிற்கும் அவர் பெயரையே இட்டவர். தம் பெயரை எங்கும் பொறியாத ஒருவர்க்கு உலகம் அடிகள் எனப் பெயர் தந்தது. வேளாளர் குலத்துதித்த ஒருவரை அந்தணர் தம் வழிபடு தெய்வமாகக் கொண்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

தண்டியடிகள் கண்ணொளி இல்லாதவர். திருவாரூர்த் திருக்குளத்தை அகலமும் ஆழமும் உடைத்தாக்க விரும்பி, கயிறு கட்டி அதனைத் தடவியவாறே மண் சுமந்தவர்.

நமிநந்தியடிகள் வரலாறு எம் இளைஞர் வினாவிற்கு மிக நெருங்கியது. திருவாரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய விழாவில் எல்லாக் குலத்தாரும் உடன் சென்றனர், நமிநந்தியாரும் சென்றார். வீடு திரும்பியவர், பலரோடுங் கலந்தமையால் தீட்டுற்றதாகக் கருதி, நீராடியன்றிப் பூசை செய்யலாகாதெனப் புறக்கடையிலேயே தங்கி உறங்கிவிட்டார். கனவில் இறைவன் தோன்றித் திருவாரூரிற் பிறந்தார் எல்லாரும் தம் கணங்களே என உணர்த்தினான். விழித்தெழுந்து மறுநாள் ஆரூர் சென்றவர், அங்குள்ளார் அனைவரையும் சிவவடிவினராகக் கண்டு, நிலத்தில் வீழ்ந்து வணங்கிப் பிழைபொறுக்க வேண்டினார். யாரைத் தீண்டியதற்காக நீராட எண்ணினாரோ, அவர்தம் அடியிலேயே வீழ்ந்தார். அத்தகையாரே அடிகள் எனப்பட்டார்.

இவருள் ஒருவரேனும் பிறரைத் தம் காலில் விழச்செய்தமையால் அப்பெயர் பெற்றாரல்லர். ஒவ்வொருவரும் தாம் தாழ்ந்தமையாலேயே பெற்றனர்.

6. நாவலூரர் கற்ற பாடம்

இனி நம்பியாரூரரிடம் வருவோம். திருமண நாளன்று முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, ஆரூரன் தமக்கு அடிமை எனக் காட்டிய ஓலையின் வரலாறு எல்லார்க்குந் தெரிந்ததே. ஓர் அந்தணர் வேறோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என நகைத்துப் 'பித்தன்' என வைதவர் அவர். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கில் தோற்று, திருவருளை உணர்ந்தபின், வைத சொல்லே வாழ்த்துப் பாட்டின் முதற்சொல்லாக இறைவனால் அடியெடுத்துக் கொடுக்கப்பெற்றது.

அதன்பின் திருவதிகையை அடைந்தபொழுது, நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த தலத்தைக் காலால் மிதித்தற்கு அஞ்சி, ஊர்ப்புறத்துச் சித்தவடமடத்தில் துயின்றார். அங்கு முதியவர் ஒருவர் தம் திருவடிகள் ஆரூரர் தலைமேற் படும்படி கிடந்தார். ஆரூரர் தலையை வேறு திசைக்கு மாற்றியுங் கால்கள் தொடர்ந்தன. வந்தவர் மறைந்த பின்னரே, தலைமேற்பட்டவை யாவர் அடிகள் என்பது விளங்கிற்று. தலை எத்திசையிற் சாய்ந்தாலும் அத்திசையில் அவ்வடி உளது என்பதே அதன் குறிப்பு.

ஆயினும் அவர் கற்கவேண்டிய பாடம் இன்னுமொன்று எஞ்சியது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் கூடியிருந்தனர். இவர்களுக்கு யான் அடியனாகும் நாள் எந்நாளோ என்னும் வேட்கை உள்ளத்தே இருப்பினும், ஆரூரர் அவர்களை அணுகி வணங்காது ஒருபுறமாகச் சென்றார். விறன்மிண்ட நாயனார் அதனைப் பொறாராய், அடியாரை வணங்காத அவரும் புறம்பு, அவரை ஆண்ட இறைவனும் புறம்பு என்று கூறிவிட்டார். இறைவனுக்கு ஆளானவன் என்பதனாலேயே அடியார் கூட்டத்தைக் கடந்து செல்லும் உரிமை எவர்க்கும் உண்டாகாது என்பது அவர் துணிபு. அதன் பயனே திருத்தொண்டத்தொகை. பதினொரு பாடல்களில் தனியடியார் அறுபதின்மரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் போற்றி, அவர்க்கெல்லாம் தம்மை 'அடியேன்' எனச் சொல்லி முடித்தார் நாவலூரர். அத்தொகையில் குயவரும் வேடரும் வண்ணாரும் பாணரும் மன்னரும் மறையவரும் ஒருங்கே நிற்கின்றனர். அடிமை என்னுஞ் சொல்லைக் கேட்டு ஒருநாள் நகைத்தவர், அதனைத் தாமே விரும்பிப் பலர்க்கும் சொன்னார். யாரும் அவரைச் சொல்லச் செய்திலர். விறன்மிண்டரும் தம்மை வணங்குமாறு கேட்டிலர்.

7. சித்தாந்தப் பொருள்

சித்தாந்த நூல்களில் திருவடி என்பது இறைவனது திருவருட்சத்தியாம். உண்மை விளக்கம் கூத்தப்பெருமானின் ஐந்தொழிலை விளக்குங்கால், ஊன்றிய திருவடியில் மறைத்தலும் தூக்கிய திருவடியில் அருளலும் வைத்துக் கூறும். ஏனைத் தொழில்கள் கைகளுக்குரியன. உயிரைப் பக்குவப்படுத்தி வீடு சேர்க்கும் இரு தொழில்களும் அடிகளுக்கே உரியன. ஆகவே வீடுபேற்றினைத் 'திருவடிப்பேறு' என வழங்கினர் நம்மவர்.

சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம், மலங்கழுவி அன்பரொடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழும் நிலையைக் கூறுகின்றது. அடியாரையும் துறவோரையும் அடிகள் என்றழைத்தற்குச் சித்தாந்தத்துள் உள்ள அடிப்படை இதுவே. அவர் தாமே பெரியர் என்பது கருத்தன்று. திருவருள் அவர்பாற் பதிந்துள்ளது என்பதே கருத்து. பாலும் நீரும் வைத்த குடத்தை எடுத்துப் பேணுதல் குடத்தின் பொருட்டன்று.

உமாபதிசிவனார் திருவருட்பயனில் முத்தியில் உயிரும் இறையும் கூடுதலை விளக்கத் 'தாடலை' என்னும் சொல்லை உவமையாக எடுத்தாண்டார். தாளும் தலையும் புணருங்கால் ளகரமும் தகரமும் தம் நிலையில் நில்லாது டகரமாகித் 'தாடலை' என ஒரு சொல் நீர்மையடைகின்றன. தாள் என்பது அழிந்ததா? இல்லை. தலை என்பது அழிந்ததா? இல்லை. இரண்டென எண்ணி இடையே கோடு இடலாமோ எனின், அதுவும் ஆகாது. இதுவே சித்தாந்த அத்துவிதம். அந்நுண்பொருளை உணர்த்த உமாபதியார் தேர்ந்துகொண்ட இரண்டு உறுப்புக்கள் எவை என நோக்குக. வணங்குவானுடைய தலையும் வணங்கப்படுவானுடைய தாளும் ஆம். 'அடிகள்' என்று ஒருவன் வாய்திறந்து அழைக்கும் அப்பொழுதில் நிகழும் செயலின் முடிந்த பயன் அதுவே.

8. ஐயமும் தெளிவும்

இனி இளைஞரது வினாவிற்கு விடை கூறுவாம்.

அவர் கூறியது மெய். அடிமை என்னுஞ் சொல் நம் நாட்டில் உவமையாக மட்டும் இருந்ததில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஆட்களை விற்றமையும் கோயிலுக்குக் கொடுத்தமையும் காணப்படுகின்றன. மலைநாட்டில் பண்ணையாட்கள் உடையவர்முன் தம்மை 'அடியன்' என்றே சொல்லவேண்டியிருந்தது. தம் குடிசையையும் உணவையுங்கூட இழிசொற்களாற் குறிக்க வேண்டியிருந்தது. வயநாட்டில் வாழும் பழங்குடியார் ஒருவர் கூட்டத்திற்கு 'அடியர்' என்பதே பெயராய் இன்றும் நிற்கின்றது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை விலக்கிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் வேண்டியிருந்தது என்பதே கொடுமை இருந்தது என்பதற்குச் சான்று. இதனைச் சைவர் மறைத்துப் பேசுதல் தகாது.

ஆயின் அக்கொடுமை இச்சொல்லினின்று பிறந்ததா, இச்சொல்லைக் களவாடியதா என்பதே வினா. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்தம். அது சார்தற்குரிய சார்பு பதி ஒன்றே. அடிமை என்பது உயிர்க்கு உரிய இயல்பாயின், அவ்வடிமைக்கு உரியவனும் அப்பதி ஒருவனே. இறைவன் ஒருவனுக்கே உரிய சொல்லை, நிலமுடையான் ஒருவன் பசித்தவன் வாயினின்று பறித்துக்கொள்வானாயின், அவன் ஏழையை மட்டும் வஞ்சித்தவன் அல்லன். இறைவனது பொருளைக் கவர்ந்தவனுமாவான். 'யான் எனது' என்னுஞ் செருக்கே ஆணவத்தின் வெளிப்பாடு. பிறன் தன்னைத் தாழ்த்திச் சொல்லக் கேட்டு மகிழ்தலினும் மிக்க ஆணவம் யாதுளது? இளைஞரின் பாட்டனார் வாயிலில் நின்று சொன்ன சொல்லில் குற்றம் உண்டு. அக்குற்றம் சொன்னவர்க்கு உரியதன்று, திண்ணையிலிருந்து கேட்டவர்க்கு உரியது.

ஆகவே இச்சொல்லின் மெய்ம்மையை அறிதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அடிகள் என்பது வணங்குவான் பார்வையிற் பிறந்த சொல் என முதலிற் கண்டோம். அவ்வாறாயின் அது வணங்குவான் கொடுத்தற்குரியதேயன்றி, வணங்கப்படுவான் கேட்டு வாங்குதற்கு உரியதன்று. நமிநந்தியாரும் அப்பூதியாரும் அதனைக் கேட்டாரல்லர். அதனைப் பெற்றவன், தான் மற்றோர் இடத்தில் 'அடியேன்' எனச் சொல்ல ஒருப்படுகின்றானா என்பதும் காணத்தக்கது. தலை வணங்காத தாள், தாடலை ஆகாது.

இவ்வளவுகோல் பிறர்க்கு மட்டும் உரியதன்று. நம் மடங்களிலும் சபைகளிலும் அழைப்பிதழ்தோறும் அடைமொழிகள் பெருகி வருகின்றன. ஒருவர் பெயர்க்கு முன் எழுதப்பட்ட சிறப்புக்களைப் படித்து முடிக்குமுன் பெயரை மறந்துவிடும் நிலை நேர்கின்றது. அவற்றை எழுதுவார் அன்பினால் எழுதுகின்றாரா, எழுதாவிடின் நேரும் மனக்குறைக்கு அஞ்சி எழுதுகின்றாரா என ஒவ்வொருவரும் தம் நெஞ்சொடு உசாவுதல் நலம். அச்சத்தால் எழுதப்பட்ட 'அடிகள்' என்னுஞ் சொல்லும், கூலிக்கு அஞ்சிச் சொல்லப்பட்ட 'அடியேன்' என்னுஞ் சொல்லும் ஓரினத்தனவே.

அவ்விளைஞர் மீண்டும் எம்மைக் காண வருவாராயின், "தம்பி, உம் பாட்டனார் சொல்லவேண்டியிருந்த அச்சொல்லை நீர் எவர்முன்னுஞ் சொல்ல வேண்டா. எவரேனும் சொல்லுக என்பாராயின், அவர் அதற்குத் தகுதியற்றார் என்பதை அக்கேள்வியே காட்டிவிட்டது. ஆயின் ஒருநாள், ஒருவரும் கேளாமலே, உம் தலை தானாகத் தாழும் ஓரிடத்தை நீர் காண்பீராயின், அப்பொழுது நாவலூரர் சொன்ன சொல் உமக்கும் உரியதாகும். அது நுமது, பிறர் பறித்தற்கு உரியதன்று" என்று கூறுவோம்.

திருச்சிற்றம்பலம்.